காய்ந்த வாய்க்காலில் 11 கிலோவாட், ஓடும் தண்ணீரில் 4: காட்டுமன்னார்கோவில் பக்கம் ஒரு டிராப்பை அளந்த கணக்கு

கடலூர் மாவட்டம் தட்டை நிலம். இங்கே சிறு நீர்மின்சாரம் என்று பேசினால் மிஞ்சுவது வாய்க்கால் தளம் படியிறங்கும் இடங்கள்தான். பொதுப்பணித்துறை வழக்கில் அதற்கு டிராப் என்று பெயர். வீராணம் பாசனத்துக் கிளை வாய்க்கால் ஒன்றில் அப்படி ஒரு டிராப் இருக்கிறது. சுவர் 3.00 மீட்டர் அகலம், உச்சி தடிப்பு 1.20 மீட்டர். உச்சியிலிருந்து கீழ் வாய்க்கால் தளம் வரை 1.60 மீட்டர். தண்ணீர் இல்லாத மாதத்தில் பார்த்தவர்கள் போட்ட கணக்கு இது: சுவருக்கு மேல் 30 செ.மீ தண்ணீர் ஏறி நிற்கும், ஆகவே உயரம் 1.90 மீட்டர்; ஓட்டம் வினாடிக்கு 0.84 கன மீட்டர், அதாவது 30 கன அடி. திறன் 70 சதவீதம். 9.81 என்பது புவியீர்ப்பு எண்.

9.81 × 0.84 × 1.90 × 0.70 = 11 கிலோவாட்.

இந்தக் கணக்கில் தவறு மூன்று இடத்தில் இருக்கிறது. அவற்றில் முதலாவது தண்ணீர் ஓடும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அதனால் முதல் விதி: வாய்க்கால் காய்ந்திருக்கும்போது எடுத்த உயரத்தை அறிக்கையில் எழுதாதீர்கள்.

மேலே ஒரு கேஜ், கீழே ஒரு கேஜ்

தேவைப்பட்ட சாமான் கொஞ்சம்தான். கொத்தனார் பிடிக்கும் டியூப் மட்டம் 20 மீட்டர் (உள்விட்டம் 8 மி.மீ), 2 மீட்டர் அலுமினியப் பட்டை இரண்டு, எனாமல் பெயின்ட், 50 செ.மீக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு, ஸ்டாப் வாட்ச், பத்து எலுமிச்சம்பழம்.

பட்டைகளில் 1 செ.மீ கோடு போட்டு கேஜ், அதாவது நீர்மட்டம் படிக்கும் அளவுகோல் ஆக்கி, ஒன்றை டிராப்புக்கு மேலே 2 மீட்டர் தள்ளிச் சிறகுச் சுவரில் அடித்தோம். சுவர் உச்சியிலேயே ஏன் அளக்கக் கூடாது என்றால், தண்ணீர் விளிம்பை நெருங்கும்போது வேகம் பிடித்து மேல்மட்டம் இறங்கிவிடும். உச்சியில் நிற்பது உண்மையான உயரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். ஓட்டமோ உயரத்தின் 1.5 மடியில் போகிறது. 20 செ.மீ என்று படித்துவிட்டால், 30 செ.மீ ஓடுகிற தண்ணீரைப் பாதியாக எழுதிவிடுவோம். அதிகபட்ச உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரம் மேலே போய் அளந்தால் சரியாக வரும். இங்கே 50 செ.மீக்கு 2 மீட்டர்.

கீழ் கேஜ் இன்னும் கவனம் கேட்கும். டிராப் அடியில் நுரைத்துச் சுழலும் இடத்தில் அடித்தால் மட்டம் 10 செ.மீ ஆடும், படிக்கவே முடியாது. 15 மீட்டர் கீழே, தண்ணீர் அமைதியாகும் இடத்தில் அடிக்க வேண்டும். இரண்டு கேஜின் பூஜ்யத்தையும் ஒரே புள்ளியோடு கட்டுங்கள். டிராப் கைப்பிடிச் சுவர் மூலையில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு அம்புக்குறி போட்டு, அங்கிருந்து டியூப் மட்டத்தால் இரண்டுக்கும் இறக்கினோம். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. இரண்டுக்கும் வித்தியாசம் 5 மி.மீக்குள் இருந்தால் சரி.

டியூப் மட்டம் பொய் சொல்வது பெரும்பாலும் குமிழால்தான். உள்ளே பட்டாணி அளவு குமிழ் ஒன்று மாட்டினாலே சென்டிமீட்டர் கணக்கில் தவறு வரும். வாளியிலிருந்து மெதுவாக உறிஞ்சி நிரப்பி, டியூப் முழுவதையும் நிழலில் நீட்டி, இரு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து மட்டம் சேர்கிறதா என்று பார்த்த பிறகே தூக்க வேண்டும். கட்டைவிரலை இரு முனையிலும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். ஒருவர் முந்தினால் தண்ணீர் சிந்தும். பிரஷர் கேஜை இங்கே நினைக்கவே வேண்டாம். ஒரு மீட்டர் தண்ணீர் என்பது 0.1 பார்தான், கடையில் கிடைக்கும் 10 பார் கேஜில் முள் அசைந்ததா என்றே தெரியாது.

ஓட்டம்

சுவர் உச்சி அகலமாக, தட்டையாக இருந்ததால் அதையே அளவைச் சுவராக வைத்துக்கொண்டோம். வாய்ப்பாடு: ஓட்டம் = 1.70 × அகலம் × (சுவருக்கு மேல் தண்ணீர் உயரம்)^1.5. அகலம் 3.00 ஆகையால் 5.1 × (உயரம்)^1.5. கீழ்மட்டம் சுவர் உச்சியைத் தொடாமல் இருக்கும்வரை இது செல்லும். தொட ஆரம்பித்த பிறகு அதை நம்ப வேண்டாம்.

உச்சியில் காரை பெயர்ந்திருந்ததால் மிதவை வைத்தும் சரிபார்த்தோம். டிராப்புக்கு மேலே நேராக ஓடும் 20 மீட்டர் துண்டு. எலுமிச்சம்பழம் ஏன் என்றால், அது முக்கால்வாசி முங்கி மிதக்கும், காற்று பிடிக்காது. காலிப் பாட்டில் போட்டால் காற்று ஓட்டத்தைத்தான் அளப்பீர்கள். இந்தப் பக்கம் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து எதிர்த்து வீசும். காலை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஐந்து முறை விட்டோம்: 58, 61, 60, 63, 59 வினாடி. சராசரி 60.2. மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.332 மீட்டர். மண் கரை, ஓரத்தில் புல், ஆகவே 0.80 ஆல் பெருக்கி 0.266. சிமென்ட் வாய்க்காலானால் 0.85 வரை போகலாம். ஆழமில்லாத கல் ஓடையில் 0.65 போதும். முடிச்சுக் கயிற்றை இரு கரைக்கும் கட்டி, 50 செ.மீக்கு ஒரு ஆழம் எடுத்துக் கூட்டிய குறுக்கு வெட்டுப் பரப்பு 3.3 சதுர மீட்டர். ஓட்டம் 0.877. அதே நேரம் சுவர்க் கணக்கு 0.838. வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்ததால் சுவர்க் கணக்கையே நம்பலாம் என்று எடுத்துக்கொண்டோம். 15 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டில் ஒன்றை மறுபடி அளக்க வேண்டும். பெரும்பாலும் பரப்பைத்தான் தப்பாக எடுத்திருப்போம்.

அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷட்டரைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கரிடம் சொல்லாமல் வாய்க்காலுக்குள் இறங்காதீர்கள். மேலே ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் வருவது சத்தம் கேட்டுத் தெரியாது. டிராப் அடியில் சுழலும் இடத்தில் இடுப்பளவுதான் என்று காலை வைக்கவே கூடாது. அது ஆளை உள்ளேயே உருட்டிக்கொண்டிருக்கும்.

நான்கு ஓட்டத்தில் எடுத்த மட்டங்கள்

16 கன அடி (0.46): சுவருக்கு மேல் 20 செ.மீ, கீழே ஆழம் 48 செ.மீ. வித்தியாசம் 1.32 மீட்டர்.
30 கன அடி (0.84): மேல் 30, கீழ் 68. வித்தியாசம் 1.22.
46 கன அடி (1.29): மேல் 40, கீழ் 87. வித்தியாசம் 1.13.
64 கன அடி (1.80): மேல் 50, கீழ் 106. வித்தியாசம் 1.04.

தண்ணீர் கூடக் கூட உயரம் குறைகிறது. சுவருக்கு மேல் 10 செ.மீ ஏறினால் கீழே 19, 20 செ.மீ ஏறுகிறது. சுவர் தாண்டும் இடத்தில் தண்ணீர் பாய்ந்து போகும். கீழே வாய்க்காலின் சாய்வு 4000க்கு 1தான், தேங்கித்தான் நகரும். மலையில் 60 மீட்டர் உயரத்தில் 40 செ.மீ போனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இங்கே 1.60இல் போகிறது. முதல் தவறு இதுதான்: கீழ்த்தண்ணீரை மறந்தது.

இரண்டாம் தவறு இன்னும் நுட்பமானது. அனுபவம் உள்ளவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள். மேலே சொன்ன 1.22 மீட்டர், 30 கன அடியும் சுவர் தாண்டி விழும்போது இருப்பது. அந்த 30 கன அடியையும் பக்கவாட்டில் டர்பைனுக்குத் திருப்பிவிட்டால் சுவருக்கு மேல் தண்ணீரே இருக்காது. மட்டம் சுவர் உச்சிக்கு இறங்கிவிடும். அந்த 30 செ.மீயும் போய்விடும். ஆகவே உயரம் 1.60 − 0.68 = 0.92 மீட்டர்.

மறுபடி போட்ட கணக்கு, டர்பைன் அதிகபட்சம் 0.84 எடுக்கும், மீதி சுவர் தாண்டும் என்று வைத்து:

ஓட்டம் 0.46: உயரம் 1.12, மின்சாரம் 2.5 கிலோவாட்.
ஓட்டம் 0.84: உயரம் 0.92, மின்சாரம் 3.8.
ஓட்டம் 1.29: மீதி 0.45 சுவர் மேல் 20 செ.மீயாகப் போகும், உயரம் 0.93, மின்சாரம் 3.8.
ஓட்டம் 1.80: மீதி 0.96, சுவர் மேல் 33 செ.மீ, உயரம் 0.87, மின்சாரம் 3.6.

திறனை 0.50 என்று போட்டிருக்கிறோம். 70 சதவீதம் என்று போட்டது மூன்றாம் தவறு. டர்பைன் 0.75, கியர் 0.93, ஜெனரேட்டர் 0.82, பெருக்கினால் 0.57. வரத்து வாய், சல்லடை, வெளியேறும் இடம் இவற்றின் இழப்பைச் சேர்த்தால் 0.50தான் நிற்கும். காகிதத்து 11 கிலோவாட் மூன்றில் ஒன்றானது இப்படித்தான்.

சுவர் மேல் 30 செ.மீ பலகை வைத்து மட்டத்தைத் தூக்கினால் 1.22 திரும்பக் கிடைக்கும், மின்சாரம் 5 கிலோவாட் ஆகும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் மழை கொட்டும்போது அந்தப் பலகை தானாகச் சாய வேண்டும். சாயவில்லை என்றால் மேல்கரை உடைந்து பக்கத்து வயல் போகும். கையால் எடுக்கும் பலகையை இந்த மாவட்டத்தில் யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

கீழே 200 மீட்டர் புதர்

30 கன அடிக்கு 68 செ.மீ என்ற கீழ் ஆழம், புதர் வெட்டிய பிறகு எடுத்தது. வெட்டுவதற்கு முன்பு அதே ஓட்டத்துக்கு 86 செ.மீ நின்றது. டிராப்புக்குக் கீழே இருநூறு மீட்டருக்கு நெய்வேலி காட்டாமணக்கு இரு கரையிலிருந்தும் சாய்ந்து, தண்டுகள் தண்ணீருக்குள் வேர்விட்டு, அதில் ஆகாயத்தாமரை வந்து தொற்றிக்கொண்டிருந்தது. வாய்க்காலின் நடுவில் ஓடும் வழி ஒரு மீட்டர்கூட இல்லை. அந்த 18 செ.மீ, 0.92இல் ஐந்தில் ஒரு பங்கு. டர்பைன் விற்பவர் 2 சதவீதத் திறனுக்கு விலை பேசும்போது, அரிவாள் பிடித்தவர்கள் 20 சதவீதத்தை வெளியே இழுத்துப் போட்டார்கள். வேரோடு எடுக்க வேண்டும். தண்டை வெட்டித் தண்ணீரில் விட்டால் அடுத்த மதகில் போய் மறுபடி முளைக்கும்.

இன்னொன்றையும் நடந்து பாருங்கள். கீழே அரை கிலோமீட்டரில் வயல் மதகுக்குத் தண்ணீர் ஏற, மண்மூட்டையால் வாய்க்காலை மறித்திருப்பார்கள். அங்கே 30 செ.மீ ஏற்றினால், 500 மீட்டருக்குத் தள ஏற்றம் 12.5 செ.மீயைக் கழித்துக் குறைந்தது 17 செ.மீ டிராப் அடிக்கு வந்து சேரும். விவசாயிக்கு அது தேவை. அதைக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

எந்த டர்பைன்

தண்ணீரைச் சக்கரத்தின் குறுக்கே பீச்சிச் சுழற்றும் கிராஸ்ஃப்ளோ டர்பைன் வேலைக்காகாது. 1.2 மீட்டர் உயரம் கிடைத்தாலும் பீச்சும் வேகம் வினாடிக்கு 4.75 மீட்டர்தான், 0.84 கன மீட்டரை உள்ளே விட 10 செ.மீ தடிப்பில் 1.77 மீட்டர் அகலப் பீச்சு வேண்டும். ரன்னர் (சுழலும் சக்கரம்) கீழ்த்தண்ணீரில் முங்காமல் குறைந்தது 30 செ.மீ மேலே நிற்க வேண்டும்; உயரத்தில் கால்பங்கு அதிலேயே போகும். புரொப்பெல்லர் டர்பைன் உயரத்தை முழுக்கப் பயன்படுத்தும், ஆனால் சல்லடைக் கம்பி இடைவெளி 2, 3 செ.மீ வேண்டும். ஆகாயத்தாமரை வரும் வாய்க்காலில் அந்தச் சல்லடை ஒரு மணி நேரத்தில் அடைபடும். அடைபட்ட சல்லடை 25 செ.மீ உயரத்தைத் தின்னும். பம்பைத் திருப்பிப் போட்டு டர்பைனாக ஓட்டும் யோசனை இவ்வளவு தண்ணீருக்கு, இவ்வளவு குறைந்த உயரத்துக்குப் பொருந்தாது.

மிஞ்சுவது ஆர்க்கிமிடிஸ் திருகு, அதாவது சாய்ந்த தொட்டியில் தண்ணீரின் எடையால் சுழலும் பெரிய திருகு. சாய்வு 22 முதல் 30 பாகை, கம்பி இடைவெளி 10 செ.மீக்கு மேல் போதும், மட்டை, கொத்துச் செடி உள்ளே போய் வெளியே வந்துவிடும். விட்டம் 1.4 மீட்டர் என்றால் சுழலும் வேகம் 50 ÷ (விட்டம்)^(2/3), அதாவது நிமிடத்துக்கு 40 சுற்றுக்குள். 4 துருவ மோட்டாரை ஜெனரேட்டராக ஓட்ட 1,550 சுற்று வேண்டும். கிட்டத்தட்ட 1:39 கியர். பெல்ட்டில் மட்டும் இவ்வளவு ஏற்ற முடியாது. கியர் பாக்ஸ் கட்டாயம். செலவில் பெரும்பங்கு இதிலும் கான்கிரீட் தொட்டியிலும்தான் போகும்.

மின்கம்பி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பயன்படுத்தும் இடம் 300 மீட்டர் என்றால், 16 சதுர மி.மீ அலுமினியக் கேபிளில் 5 கிலோவாட்டை 3 பேஸில் கொண்டுபோனால் மின்னழுத்தம் 2 சதவீதம் விழும். சிங்கிள் பேஸில் 11 சதவீதம் விழும். தனியாக ஓடும் நிலையத்தில், மிஞ்சும் மின்சாரத்தை ஹீட்டருக்குத் திருப்பும் லோடு கன்ட்ரோலரும், நிலையத் திறனைவிட 20 சதவீதம் அதிகமான ஹீட்டர் லோடும் வேண்டும். இல்லாவிட்டால் விளக்கை அணைத்ததும் மின்னழுத்தம் ஏறிப் பல்பு எரிந்துபோகும்.

வருடக் கணக்கு

மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12. அங்கிருந்து கீழணை, கீழணையிலிருந்து வடவாறு, வடவாற்றிலிருந்து வீராணம். ஏரியின் முழு மட்டம் 47.50 அடி. மட்டம் ஏறிய பிறகே கிளை வாய்க்கால்களுக்குத் தண்ணீர். எப்போது திறந்தார்கள் என்பது மேட்டூரில் எவ்வளவு இருந்தது என்பதைப் பொறுத்தது. மூன்று வருடப் பதிவேடாவது பாருங்கள். நல்ல வருடம் ஒன்றை வைத்து முடிவெடுத்தால் அடுத்த வருடம் டர்பைன் தண்ணீர் வராமல் நிற்கும். இந்த வாய்க்காலுக்கு எடுத்துக்கொண்டது: 30 கன அடிக்கு மேல் 110 நாள், 16க்கும் 30க்கும் இடையில் 40 நாள், மீதி 215 நாள் காய்ச்சல்.

110 × 24 × 3.75 = 9,900 யூனிட். 40 × 24 × 3.1 = 2,976 யூனிட். மொத்தம் 12,900 அளவில். செடி எடுக்க, முறைப்பாசனத்தில் தண்ணீர் நிற்க, பழுதுபார்க்க 15 சதவீதம் கழித்தால் 11,000 யூனிட். 1 கிலோவாட் சோலார் நாளைக்கு 4 யூனிட் தரும் என்ற ஊர்க்கணக்கில், 7.5 கிலோவாட் பேனல் வருடம் முழுக்கத் தருவது இதே அளவு.

யூனிட்டுக்கு 8 ரூபாய் மதிப்பு என்று வைத்தால் வருடம் 88,000 ரூபாய். சல்லடை பார்க்கும் ஆள், எண்ணெய், பேரிங் இவற்றுக்கு 40,000 போனால் மிச்சம் 48,000. பத்து வருடத்தில் முதல் திரும்ப வேண்டும் என்றால் மொத்தச் செலவு 4.8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. பம்புசெட்டுக்கு இங்கே இலவச மின்சாரம் இருக்கிறது. பம்பு ஓட்டப் போகிறோம் என்று இதை மதிப்பிடாதீர்கள், அங்கே யூனிட்டின் மதிப்பு பூஜ்யம். திருகு, கியர் பாக்ஸ், பக்க வாய்க்கால், தொட்டி எல்லாம் 4.8 லட்சத்துக்குள் அடங்காது. ஆகவே தனியாகக் கட்டினால் இந்த டிராப் தாங்காது என்று எழுதினோம். சுவரைப் புதிதாகக் கட்டும் வேலை எப்போதாவது வரும்போது, பக்கத்தில் 1.5 மீட்டர் அகலச் சந்து ஒன்றையும் ஷட்டரோடு சேர்த்துக் கட்டிவிட்டால், கான்கிரீட் செலவு அந்த வேலையில் போய்விடும். அப்போது கணக்கு மாறும்.

சுற்றுவட்டாரத்தில் மற்ற இடங்களுக்கு

புதுச்சேரி பக்கம் பாகூர், ஊசுடு ஏரிக் கலிங்குகளைக் கேட்கிறார்கள். கலிங்கில் தண்ணீர் மறிந்து போவது மழைக்காலத்தில் சில நாள். அதற்கு அளக்கக்கூடப் போக வேண்டாம். கெடிலம், உப்பனாறு முகத்துவாரம் பக்கமுள்ள கட்டுமானங்களில் கீழ்மட்டம் கடல் ஏற்றத்தோடு ஏறி இறங்கும். அங்கே அளந்தால் ஒரு முழு நாள் மணிக்கு ஒருமுறை கீழ் கேஜ் படிக்க வேண்டும்.

நெய்வேலிச் சுரங்கத் தண்ணீர் வருடம் முழுக்க வருவதால் பலருக்கும் ஆசை. அது பம்பு வைத்து ஏற்றிய தண்ணீர். வாய்க்காலில் சேர்ந்த பிறகு தானாக விழும் இடத்தில் திருகு வைத்தால் லாபம். பைப் வாயிலேயே டர்பைன் மாட்டி எதிர் அழுத்தம் கொடுத்தால், டர்பைன் தருவதைவிடப் பம்பு அதிகமாக எடுக்கும்.

எங்கே அளந்தாலும் வேலை முடிந்ததும் கேஜ் இரண்டையும் கழற்றாதீர்கள். சிவப்பு அம்புக்குறியிலிருந்து இரு பூஜ்யமும் எத்தனை செ.மீ கீழே என்று சுவரிலேயே எழுதிவிடுங்கள். லஸ்கரிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, ஷட்டர் மாற்றும் நாளெல்லாம் மேல், கீழ் இரண்டையும் காலையில் ஒருமுறை குறிக்கச் சொல்லுங்கள். கீழ் கேஜ் எண் ஓட்டம் மாறாமலே ஏறிக்கொண்டு போனால், புதர் மறுபடி வளர்கிறது என்று அர்த்தம்.